வெண்ணாற்றில் துள்ளும் நீர்த்தெள்ளு

நீடாமங்கலத்துக்கு அருகே, ஓட்டம் குறைந்த வெண்ணாற்றின் கரை. மாட்டுவண்டிப் பலகையில் நுண்ணோக்கியை வைத்து வெளிச்சம் பிடிக்கிறேன். அறுப்புக் கூலிக்காக மிராசுதாரோடு சண்டை நடக்கும் ஊர் இது. போன மாதம் ஆற்றில் மீன்கள் செத்து மிதந்திருக்கின்றன. மிராசுதார் ஆட்கள் பூச்சிமருந்தை ஊற்றிவிட்டார்கள் என்று தெருவே சொல்கிறது. அன்றிலிருந்து யாரும் ஆற்றில் இறங்குவதில்லை. மாடுகளுக்குக்கூட இரண்டு மைல் நடந்து தண்ணீர் சுமக்கிறார்கள்.

கல்லூரியில் விலங்கியல் நடத்தும் என்னைத் தேடிவந்து அழைத்தவர் அஞ்சலை, அறுப்பு ஆள். மெல்லிய துணிவலையில் அரித்த நீரில் ஒரு சொட்டைப் பார்க்கிறேன். நீர்த்தெள்ளுகள், கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் நீர்ப்பூச்சிகள், முட்டை சுமந்தபடி துள்ளுகின்றன. கூடவே இன்னும் ஏழெட்டு வகை நுண்ணுயிர்கள். விலகி நின்று அஞ்சலையைப் பார்க்கச் சொல்கிறேன்.

அஞ்சலை ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிகிறார்.

"ஐயய்யோ, இம்புட்டுப் பூச்சியா சார்?"

"மருந்து இருந்தா மொதல்ல சாவுறது இதுங்கதாங்க. இத்தனை வகை உசிரோட இருக்கு, பயமில்ல. மாட்டை இறக்கலாம். நீங்க மட்டும் காய்ச்சிக் குடிங்க."

"யாரு ஊத்துனாங்கன்னு இதுல தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அது எங்களுக்குத் தெரியும்" என்று சிரிக்கிறார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கரையில் நிற்கும் ஊரார் எல்லாரும் பார்க்க ஆற்றில் இறங்கி முகம் கழுவுகிறார்.