படத்துக்குப் போட்ட மாலை

போன ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூரில் அடி வாங்காமல் தப்பித்து வந்தேன். காரணம்... ஒரு மாலை.

என் நண்பர் ஒரு டாக்டர். முப்பது வருஷமாக நவீன ஓவியங்களாக வாங்கி வாங்கி, வீட்டில் காலண்டர் மாட்டக்கூடச் சுவரில்லாமல் செய்தவர். 'சென்னையில் பார்த்தவர்களே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள், நம்ம ஊர்க்காரங்க பார்க்கட்டுமே' என்று சொந்த ஊரில் கண்காட்சி வைத்தார். இடம் - கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத நாள்.

மணமக்கள் உட்காரும் மேடையில் ஆளுயர ஓவியம் ஒன்று. நெற்கட்டு சுமக்கும் பெண். புடவைக்குப் பதில் கோணித் துண்டுகளை ஒட்டியிருந்தார்கள். முகம் மட்டும் போட்டோ மாதிரி அச்சு அசல். எதிரே குத்துவிளக்கு.

சிறப்பு விருந்தினர் அடியேன். மைக் கிடைத்தால் எனக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறிவிடும். 'பெயரற்ற இந்தத் தாய்...' என்று ஆரம்பித்துப் பத்து நிமிஷம் வெளுத்து வாங்கினேன். போதாக்குறைக்கு, எனக்குப் போட்ட ரோஜா மாலையைக் கழற்றி, 'இது எனக்கல்ல, இவருக்கு!' என்று ஓவியத்தின் மேல் மாட்டினேன். கைதட்டல் என்றால் அப்படியொரு கைதட்டல்.

தட்டி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அய்யய்யோ! இன்னாய்யா பண்ணிக்கினு கீறீங்க? நான் இங்க குத்துக்கல்லாட்டம் கீறேன்... எனக்கு மாலை போட்டு வெளக்கேத்தி வெச்சிக்கீறீங்களே!"

திரும்பினேன். ஓவியத்தில் இருந்த அதே முகம். கொஞ்சம் மெலிந்து, கொஞ்சம் நரைத்து...

படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஓவியத்தில் இருப்பவருக்கும் ஒரு ஊர் இருக்கும், அவரே பஸ் ஏறி வந்து எதிரே நிற்பார் என்று தோன்றவே இல்லை.

கூட வந்த மகள் மேடையேறிவிட்டாள். "போன மாசம்தான் நெஞ்சுல ஆபரேஷன் பண்ணி, பொயைக்குமோ பொயைக்காதோன்னு வூட்டுக்கு இட்டாந்தோம். நோட்டீஸ்ல தன் மூஞ்சியப் பாத்துட்டு, தன் படம் வெச்சிக்கீறாங்கன்னு ஆசையா பாக்க வந்துச்சு. இப்டியா பண்ணுவீங்க?" கோபத்தில் ஆரம்பித்து அழுகையில் முடித்தாள்.

அவசரமாக மாலையை எடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. ஒரு கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு படத்தையே பார்த்தார். பயந்துபோயிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது.

டாக்டரின் மனைவி ஓடிப்போய்ச் சூடம் ஏற்றிச் சுற்றிப் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அந்த அம்மாவுக்குப் பேச்சு வந்தது. பல வருஷம் முன்பு, திருமுக்கூடலில் அறுப்பு நேரத்தில் யாரோ ஒருவர் வந்து வரைந்தாராம். "தலையில கட்டோட ஒரு மணி நேரம் நிக்க வெச்சாரு. கயுத்து வலி தாங்கல."

ஓவியத்தின் கீழே சின்னதாக ஓர் அட்டை. மகள் வாசித்துக் காட்டினாள். வரைந்தவர் பெயர். வாங்கிய டாக்டரின் பெயர். தலைப்பு - 'பெயரற்றவள்'.

"பேரில்லியா? அஞ்சலை! ரேஷன் கார்டுல கீது, வோட்டர் லிஸ்ட்ல கீது. நீங்க யாராச்சும் கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. வரைந்தவர் கேட்கவில்லை, வாங்கியவர் கேட்கவில்லை. பத்து நிமிஷம் புகழ்ந்த நானும் கேட்கவில்லை. 'தாய்', 'உழைப்பு' என்று பெரிய பெரிய வார்த்தைகள் கைவசம் இருக்கும்போது, ஒரு ஆளின் பெயர் எதற்கு என்று இருந்துவிடுகிறோம் போல.

டாக்டர் புது அட்டையையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். 'அஞ்சலை, திருமுக்கூடல்' என்று எழுதினேன்.

"இன்னொண்ணும் எய்துங்க" என்றார் அஞ்சலையம்மா. அவர் சொன்னதை எழுதினேன்: 'உயிரோடு இருக்கிறார்.'

மகளைப் படிக்கச் சொன்னார். இரண்டு தடவை. அப்புறம்தான் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார்.

எத்தனையோ வருஷமாக எழுதுகிறேன்... என் எழுத்து ஒருவருக்கு நிம்மதி கொடுத்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்!