மாதையன் பூட்ஸ் போட்ட நாள்

என் கூட்டாளி மாதையனுக்கு வலது கால் பெருவிரலின் மேலே கருப்பாக ஒரு காய்ப்பு உண்டு. ஜவ்வாது மலையில் யார் காலைப் பார்த்தாலும் காய்ப்பு இருக்கும், ஆனால் உள்ளங்காலில் இருக்கும். மாதையனுக்கு மட்டும் மேலே. புல்லட் வண்டியின் கியரை வெறுங்காலால் தூக்கித் தூக்கி வந்தது அது. அந்தப் புல்லட்டுக்குக் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். கியரை ஏற்ற வேண்டுமென்றால் காலால் மிதிக்க வேண்டும். இறக்க வேண்டுமென்றால் விரலை அடியில் கொடுத்து மேலே தூக்க வேண்டும். நாங்கள் யாரும் அப்போது செருப்புப் போட்டதில்லை. அவனும் வெறுங்காலோடுதான் வண்டி பழகினான். கண்ணை மூடிக்கொண்டும் எந்தக் கியர் என்று அவன் கால் சொல்லிவிடும்.

எழுபத்தொன்பதிலோ எண்பதிலோ அந்த வண்டியை வாங்கினான். மலைக்கு ரோடு போட வந்த காண்டிராக்டர் ஒருவர் கழித்துக் கட்டிய வண்டி. அதற்காக ஒரு ஜோடி உழவு மாட்டை விற்றான். ஊரே வாயடைத்துப் போயிற்று. என் அப்பா கோபால்சாமிக்கு மட்டும் வாய் அடைக்கவில்லை. சாமை அறுப்பில் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "அது ஏர் ஓட்டுமா? சாணியாவது போடுமா?" என்றார். களம் முழுக்கச் சிரித்தது. மாதையனும் சேர்ந்து சிரித்தான். அவனுக்குக் கோபமே வராது. அவன் பங்குக்கும் சேர்த்து நான் கோபப்பட வேண்டியிருந்தது.

மாடு இல்லாதவன் நிலம் தரிசாகக் கிடக்கும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் கெட்டிக்காரன். மாடு வைத்திருந்தவர்களுக்குப் போளூரிலிருந்து உப்பும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்து கொடுத்தான், அவர்கள் அவன் கொல்லையை உழுது கொடுத்தார்கள். காய்ச்சல்காரர்களையும் பிள்ளைத்தாச்சிகளையும் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தான். யாராவது ஏறி உட்கார்ந்து "போப்பா" என்றால் போதும், எங்கே என்றுகூடக் கேட்காமல் கிளம்பிவிடுவான். சந்தோஷமாக இருப்பதற்கென்றே பிறந்த ஆள்.

அவனுக்கு இருந்த ஒரே குறை என் தங்கை பாஞ்சாலை. அவளுக்கு அவன்மேல் ஆசை, அவனுக்கும் அப்படியே. அவன் வீட்டார் இரண்டு தரம் பெண் கேட்டு வந்தார்கள். மாட்டை விற்றவனுக்குப் பெண் இல்லை என்று அப்பா இரண்டு தரமும் அனுப்பிவிட்டார். எங்கள் ஊரில் மூன்று தரம்தான் கேட்கலாம். மூன்றாவது தரமும் இல்லை என்றால் பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. அதனால் மூன்றாவது தரம் வருவதற்கே அவன் வீட்டார் பயந்துகொண்டிருந்தார்கள். பாஞ்சாலை சோறு தின்பதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் அப்பாவுக்குப் பல்வலி வந்தது. கன்னம் பன்னு மாதிரி வீங்கி, வாயே திறக்க முடியவில்லை. கிராம்பு வைத்துப் பார்த்தார், கண்டங்கத்திரி விதையைச் சுட்டு அந்தப் புகையை வாயில் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. போளூர் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். காலை பஸ் போய்விட்டிருந்தது. பாஞ்சாலை யாரையும் கேட்காமல் மாதையனுக்குச் சொல்லியனுப்பிவிட்டாள்.

அவனும் வந்தான். எப்போதும் போல வந்திருக்கலாம். மாமனாராக வரப்போகிறவர் முதல் தரம் வண்டியில் ஏறுகிறார், ஒரு கவுரவம் வேண்டாமா என்று, பாரஸ்ட் கார்டு ஒருவரிடம் பழைய பூட்ஸ் இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தான். அப்பா அந்தப் பூட்ஸையும் அவனையும் பார்த்தார். ஏதாவது சொல்லியிருப்பார், வாய் இருந்தால்தானே. துண்டால் தாடையை இழுத்துக் கட்டிக்கொண்டு பேசாமல் ஏறி உட்கார்ந்தார்.

நான் அப்போது போளூரில் புளி மண்டியில் வேலை பார்த்தேன். அன்றைக்கு லீவு போட்டு மதிய பஸ்ஸில் ஊருக்கு ஏறிக்கொண்டிருந்தேன். டிரைவருக்குப் பக்கத்து சீட்டு. பெரிய வளைவு ஒன்றில் பஸ் திரும்பும்போது, மேலேயிருந்து புல்லட் இறங்கி வருவது தெரிந்தது. வளைவுக்கு முன்னால் கியரை இறக்கினால்தான் இஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும். மாதையன் காலைத் தூக்கியிருக்கிறான். தடித்த பூட்ஸ் முனை லீவருக்கு அடியில் நுழையவில்லை. நுழைந்ததா இல்லையா என்றுகூடக் காலுக்குத் தெரியவில்லை. பதற்றத்தில் ஓங்கி ஒரு மிதி மிதித்துவிட்டான். இறங்க வேண்டிய கியர் ஏறிக்கொண்டது. அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி வண்டி நேராக எங்கள் பஸ்ஸைப் பார்த்து வந்தது. பின்னால் துண்டு கட்டிய என் அப்பாவின் முகம்.

எங்கள் டிரைவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றார். மாதையன் வண்டியைப் பஸ்ஸை விட்டு ஒடித்து, ஓரத்தில் சரிந்து கிடந்த மண்ணுக்குள் செருகினான். அப்பாவின் தலைக்கும் பஸ்ஸின் கண்ணாடிக்கும் நடுவே ஒரு கைகூட நுழையாது. இஞ்சின் அணைந்தது. இரண்டு பேருக்கும் ஒரு கீறல் இல்லை.

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். புல்லட்டுக்குப் பிரேக் பிடிக்கவில்லை போல என்றார் ஒருவர். பஸ் ஆரன் அடிக்கவில்லை என்றார் இன்னொருவர். மாதையனும் அதற்குத் தலையாட்டியிருந்தால் போதும், தப்பித்திருப்பான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு நேராக அப்பாவிடம் வந்தான்.

"பிரேக்கு நல்லா கீது. பஸ்ஸு மேலயும் தப்பு இல்ல. கியர எறக்கறதுக்குப் பதிலா ஏத்திட்டேன் மாமா. பூட்ஸு போட்டா எங்காலுக்கு ஒண்ணும் தெரியல."

அப்பா துண்டை அவிழ்த்தார். "பின்ன இன்னாத்துக்குப் போட்ட?"

"உங்களுக்காகத்தாங்க."

அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். சாணியும் செம்மண்ணுமாக வெடித்த கால், ஒரு நாளும் செருப்பு ஏறாதது. வலியையும் மீறி அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது பல்வலியாலா சிரிப்பாலா என்று தெரியவில்லை. பிறகு, கழட்டு என்றார். மாதையன் இரண்டையும் கழற்றி, கார்டிடம் சேர்த்துவிடச் சொல்லி பஸ்காரர்களிடமே கொடுத்தனுப்பினான்.

பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிடுங்கள், நாளைக்குக் காலை பஸ்ஸில் நானே கூட்டிப்போகிறேன் என்று அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தேன். கண்டக்டரும் கூப்பிட்டார். இனி பெண் பேச்சு செத்தது என்றே நினைத்தேன். மாதையனும் அப்படித்தான் நினைத்திருப்பான். தலை நிமிராமல் வண்டியை மண்ணிலிருந்து இழுத்து ரோட்டில் நிறுத்திக்கொண்டிருந்தான்.

அப்பா என் கையை உதறிவிட்டுப் போய் அவன் பின்னால் உட்கார்ந்துகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எம் பொண்ணு ஒக்காரப்போற எடம்டா இது. நானே எறங்கி ஓடிட்டா, அவ எப்பிடி ஏறுவா?"