கரைக்கு வந்த மரங்களின் கணக்கு

பெரம்பூர் ரயில்பெட்டிப் பட்டறையில் வேலை பார்த்த அம்புரோஸுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் ஆலிஸ் கன்னியர் மடத்துக்குப் போய்விட்டாள். கடைக்குட்டி அரக்கோணத்தில் ஒரு ரயில்வேக்காரருக்கே வாழ்க்கைப்பட்டாள். நடுவில் பிறந்தவள்தான் ஃப்ளோரன்ஸ். அம்மா ஜாடையும் இல்லை, அப்பா ஜாடையும் இல்லை. அத்தை அடைக்கலமேரியை உரித்து வைத்த மாதிரி அகன்ற நெற்றி, ஓட்டமும் நடையுமாக ஒரு நடை.

அறுபத்தேழாம் வருஷம் அவள் நெட்டுக்குப்பம் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராக வந்தாள். ராயபுரத்தில் ரயிலேறி எண்ணூரில் இறங்கி, அங்கிருந்து மணலில் கால் புதையப் புதைய நடந்து வருவாள். குப்பத்துச் சனத்தின் வாயில் அவள் பெயர் நுழையவில்லை. ரயிலில் வருகிறவள், அப்பன் ரயில்பெட்டி செய்கிறவர், அதனால் ரயிலம்மா. அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

பள்ளிக்கூடம் என்றால், கரும்பலகைக்குப் பதில் ஒரு சுவரில் கறுப்புப் பூசி, ஓடு போட்ட ஒரு கூடம். அதில் ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் முதுகோடு முதுகு உட்கார்ந்திருக்கும். இரண்டுக்கும் அவள் ஒருத்திதான். பெரிய பிள்ளைகளுக்குப் பக்கத்துக் கொட்டகை. அங்கே ஹெட்மாஸ்டர் அருள்பிரகாசம். வந்த அன்றே அவர் சொல்லிவிட்டார். குப்பத்துப் பிள்ளைகள் நிலைத்து வருவதில்லை, இந்த வருஷமும் கூடம் நிறையாவிட்டால் சின்ன வகுப்புகளை மூடிவிடுவதென்று நிர்வாகத்தில் பேச்சு இருக்கிறது, பார்த்துக்கொள் என்று. மூடினால் அந்தப் பிஞ்சுகள் கத்திவாக்கத்துக்கா நடந்து போய்ப் படிக்கும்? இறால் உரிக்கத்தான் உட்காரும். அவளுக்கு அது முதல் நாளே புரிந்துவிட்டது.

அவள் பாடம் நடத்துகிற விதமே வேறு. ஒரு நாள் ஒரு பிள்ளை நண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. வேறு டீச்சராக இருந்தால் கலீஜு என்று வெளியே போடச் சொல்லியிருப்பாள். இவள் அதைத் தட்டில் விட்டு நடுவில் வைத்தாள். முதலில் கால்களை எண்ணச் சொன்னாள். எண்ணியதை எண்ணாக மட்டும் எழுதினால் போதாது, ‘நண்டுக்குப் பத்துக் கால்’ என்று முழுசாகச் சொல்லி எழுத வேண்டும். இரண்டு நண்டு இருந்தால் எத்தனை கால், அதையும் வாக்கியமாக. அப்புறம் அது எங்கே வீடு கட்டும், எதைத் தின்னும், அதையும் எழுது. கடைசியில் நண்டு நடக்கிற மாதிரி பக்கவாட்டில் நடந்துகொண்டே ஒரு பாட்டு. அந்த ஒரு நண்டில் கணக்கும் ஆயிற்று, தமிழும் ஆயிற்று, இயற்கைப் பாடமும் ஆயிற்று. சாயங்காலம் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் குழம்பில் கிடந்த நண்டைப் பார்த்து எழுத்துக் கூட்டினவாம். தாய்மார்கள் கரண்டியைக் கையில் பிடித்தபடி வாய் பிளந்து நின்றார்கள்.

அருள்பிரகாசத்துக்கு மட்டும் அது ஒப்பவில்லை. கணக்கு மணியில் தமிழும் தமிழ் மணியில் நண்டும் நடப்பதைப் பார்த்து அவர் தலையை ஆட்டிக்கொண்டே போவார்.

தை பிறந்து கொஞ்ச நாளில் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். விடியற்காலையில் அம்மாவோடு கரைக்குப் போகிற பிள்ளைகள், கடலுக்குக் கிளம்புகிற கட்டுமரங்களை எண்ணி எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டாள். ரயில் ஊரில் வளர்ந்தவள். வருகிற வண்டியையும் எண்ணுவாள், போகிற வண்டியையும் எண்ணுவாள். அவளுக்கு என்ன தெரியும்?

குப்பத்தில் கடலுக்குக் கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்க மாட்டார்கள். போகிற மரத்தை விரல் நீட்டி எண்ணவே மாட்டார்கள். எண்ணினால் கடலுக்குக் கணக்கு ஒப்பித்த மாதிரி. அதில் ஒன்றை அது தனக்கென்று வைத்துக்கொள்ளும் என்று பயம்.

இரண்டாம் வகுப்பில் மலர்க்கொடி என்று ஒரு பெண். சின்னப்பையனுக்கும் தேசம்மாவுக்கும் தலைப்பிள்ளை. டீச்சர் சொன்னது வேதவாக்கு அதற்கு. விடியலில் கரையில் நின்று, கையை நீட்டி, ஒண்ணு ரெண்டு என்று சத்தமாக எண்ணிவிட்டது. நின்ற பெண்கள் பதறிப்போனார்கள். தேசம்மா பிள்ளையின் கையைத் தட்டி மடக்கினாள். அன்றைக்கென்று பார்த்து, சின்னப்பையனின் வலை கடலடிப் பாறையில் மாட்டிப் பாதிக்குப் பாதி கிழிந்துபோயிற்று. கேட்க வேண்டுமா?

மறுநாள் பெண்கள் கூட்டமாகப் பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்தார்கள். தேசம்மா முன்னால் நின்றாள்.

“இன்னா ரயிலம்மா, எங்க வூட்டு ஆம்பளைங்கள எண்ணிக்கினு வரச் சொன்னியாமே. எண்ணி யாராண்ட குடுக்கப் போற, கடலாண்டயா?”

“கணக்குப் பாடம்தாம்மா அது. எனக்குத் தெரியாம...”

“தெரியாதுன்னா கேக்கணும். புள்ளைங்களுக்கு மட்டும் கேளு கேளுன்னு சொல்லிக் குடுக்கிற. உனுக்கு வாய் இல்ல?”

பின்னாலிருந்து ஒருத்தி, அப்பன் ரயில் டப்பா எண்ணுகிறவர், பெண்ணுக்கும் அதே புத்தி என்றாள். சிரிப்பு எழுந்து அடங்கியது. அவரவர் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த நாள் கூடத்தில் ஈ காக்கை இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அருள்பிரகாசம் வாசலில் வந்து நின்றார்.

“கணக்குக்கு ஒரு மணி, தமிழுக்கு ஒரு மணின்னு சும்மாவா வச்சிருக்காங்க? அதது அங்கங்க இருந்திருந்தா இந்த வம்பு உண்டாம்மா? மாசக் கடைசியில நிர்வாகத்து மேனேஜர் வராரு. கூடம் இப்படியே கிடந்தா நான் என்ன சொல்லட்டும்?”

ஃப்ளோரன்ஸ் எழுந்தாள். கூடத்தைப் பூட்டிக்கொண்டு கரைக்குப் போனாள். கும்பிட்டு மன்னிப்புக் கேட்கத்தான் போனாள். அங்கே பெண்கள் மீன்கூடைகளை வைத்துக்கொண்டு மரங்களுக்காகக் காத்திருந்தார்கள். யாரும் வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மணலில் ஓர் ஓரமாக உட்கார்ந்தாள்.

கடல் விளிம்பில் நகத்தளவு ஒரு பாய் தெரிந்தது. அவள் கண்ணுக்கு அது வெறும் புள்ளி. அதற்குள் பெண்கள் அது இன்னாருடைய மரம், அதற்குப் பின்னால் வருவது இன்னாருடையது என்று பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், சொன்னது சொன்னபடி அதே ஆட்கள்தான் வந்து இறங்கினார்கள். ஃப்ளோரன்ஸ் பெண்கள் பக்கம் நகர்ந்தாள். எப்படியம்மா தெரிகிறது என்று தன்னையறியாமல் கேட்டுவிட்டாள்.

“உனுக்கு எயுத்து எப்டித் தெரியுது? அத்த மாரிதான்” என்றாள் தேசம்மா, கடலை விட்டுக் கண்ணை எடுக்காமல். பாயில் போட்ட ஒட்டு, அது சாய்ந்து வருகிற சாய்வு, அதுதான் அவர்களுக்கு எழுத்து.

மரம் ஒவ்வொன்றும் மணலைத் தொட்டதும் பெண்கள் அதன்மேல் கைவைத்து, ஒண்ணு வந்தாச்சு, ரெண்டு வந்தாச்சு என்று வாய்விட்டு எண்ணினார்கள். ஃப்ளோரன்ஸ் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“வந்ததை எண்ணலாமாம்மா?”

“வந்தத எண்ணாம? போனது கடலுது. வந்தது நம்மளுது. எவ்ளோ வேணா எண்ணு.”

அப்படியானால் பிள்ளைகள் வந்ததை எண்ணட்டுமா என்று மெதுவாகக் கேட்டாள். தேசம்மா யோசித்தாள். மற்றவர்களைப் பார்த்தாள். கூடத்துக்கு அனுப்ப மாட்டோம், எண்ணுவதானால் இங்கேயே எங்கள் கண்ணெதிரில் எண்ணட்டும் என்று தீர்ப்புச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து ஈரமணல்தான் கூடம். மரம் கரை ஏறியதும் அந்த வீட்டுப் பிள்ளை கிளிஞ்சலால் மணலில் தகப்பன் பேரை எழுத வேண்டும். பக்கத்தில் என்ன மீன், எத்தனை கூடை, அன்றைக்கு என்ன காற்று. தகப்பன் இல்லாத பிள்ளை மாமன் பேரை எழுதும். எழுதியதை அத்தனை பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும், கூட்டும், கழிக்கும். கடல் காற்றில் அந்தச் சத்தம் முகத்துவாரம் வரைக்கும் கேட்கும். அருள்பிரகாசம் ஒருநாள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தார். பிள்ளைகள் படிப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும், கூடத்தில் உட்கார்ந்தால்தான் வகுப்பு, கரையில் உட்கார்ந்ததை வருகை என்று எழுத முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். மாசக் கடைசி நெருங்கிவிட்டது. இன்னொரு தடவை கூடத்துப் பேச்சை எடுத்தால் இதுவும் போய்விடும் என்று ஃப்ளோரன்ஸ் வாயைத் திறக்கவில்லை.

அப்படி இருக்கையில் ஒரு நாள் மத்தியானம் காற்று திரும்பியது. கிழக்கே வானம் மை பூசியதுபோல் ஆயிற்று. வழக்கமாக மரங்கள் வருகிற நேரத்தில் ஒரு பாயும் தெரியவில்லை. குப்பமே கரைக்கு வந்துவிட்டது. பொழுது சாயத் தொடங்கியபோது ஒன்றிரண்டாக வந்தன. பாய் கிழிந்து வந்தது ஒன்று, துடுப்பு இல்லாமல் வந்தது ஒன்று. பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. வந்தவனுடைய பிள்ளை குனிந்து பேர் எழுதியது. அத்தனையும் ஒரே வரிசையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக.

பெண்கள் சும்மா இருக்க முடியாமல் அந்த வரிசைக்கு வந்து வந்து போனார்கள். படி, இன்னொரு தபா படி என்று கேட்டார்கள். பிள்ளைகள் படித்தன. கண்ணெதிரே நனைந்து நிற்கிற ஆளின் பெயரை, மணலிலிருந்து இன்னொரு முறை கேட்டால்தான் அவர்களுக்கு மூச்சு வந்தது. வராதவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அது கேட்கிற கேள்வி இல்லை. மலர்க்கொடி மட்டும் கிளிஞ்சலைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாள். தேசம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசியாக, இருட்டப் போகிற நேரத்தில், தெற்கே தள்ளி ஒரு மரம் அலையில் புரண்டு ஏறியது. சின்னப்பையன் தவழ்ந்து எழுந்து நின்றான். தேசம்மா ஓடவில்லை, மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மலர்க்கொடி குனிந்தாள். ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். குப்பம் முழுக்க அந்தச் சின்னக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. எழுதி முடித்து, “சின்னப்பையன்” என்று படித்தாள்.

அப்போது ஓர் அலை நீண்டு வந்து, வரிசையில் முதலில் இருந்த பெயரை நக்கிக்கொண்டு போயிற்று.

அந்தப் பெயருக்குரியவன் பக்கத்தில்தான் கோவணத்தைப் பிழிந்துகொண்டு நின்றான். ஆனாலும் அவன் பெண்டாட்டியின் முகம் வெளிறிவிட்டது. அடுத்த அலை அடுத்த பெயரைத் தொட்டது. பெண்கள் வரிசையாகக் குந்தி, கையாலும் முந்தானையாலும் அணை கட்டப் பார்த்தார்கள். கடல் கேட்குமா? தேசம்மா எழுந்து வந்தாள்.

“ரயிலம்மா, பேர எடுத்துக்கினு போவுது பாரு. கடல் வராத எடம் எங்க கீது, எயுதுறதுக்கு?”

ஃப்ளோரன்ஸ் பள்ளிக்கூடத்துப் பக்கம் கை காட்டினாள். “கூடத்துல கறுப்புச் சுவர் இருக்கும்மா.”

“அப்ப எயுந்திரு. புள்ளைங்கள இஸ்துகினு வா.”

அந்தக் கூடத்துக்குள் குப்பத்துப் பெண்கள் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அருள்பிரகாசம் ஒன்றும் புரியாமல் விளக்கை ஏற்றித் தூக்கிப் பிடித்தார். பிள்ளைகள் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு, எட்டின உயரத்துக்கு எழுதின. ஆண்கள் நீர் சொட்டச் சொட்ட வாசலில் குவிந்து நின்றார்கள். மலர்க்கொடி மணலில் எழுதியதைவிடப் பெரிதாக எழுதினாள்.

“இத்தினி நீட்டா என் பேரு?” என்றான் சின்னப்பையன்.

தேசம்மா கையைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல், எழுத்தின் மேலேயே ஓட்டிப் பார்த்தாள். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று மகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஃப்ளோரன்ஸ் மூலையில் நின்றாள். அவள் வந்த அன்று எழுத்தே தெரியாத பிள்ளைகள். இதையா நான் சொல்லிக்கொடுத்தேன் என்று தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். பிற்பாடு அத்தை அடைக்கலமேரியிடம் அவளே சொன்னது.

மறுநாள் காலையில் கூடத்தில் உட்கார இடமில்லை. இன்னும் பள்ளிக்கூட வயது வராத வாண்டுகளையும் இடுப்பில் சுமந்துகொண்டு வந்து விட்டார்கள். ஒரே ஒரு கட்டளை: சுவரை அழிக்கக் கூடாது.

மேனேஜர் வந்த அன்று, வந்தவருக்கு வகுப்பைக் காட்டலாம் என்று அருள்பிரகாசம் தாமே கணக்குப் பாடம் எடுக்க வந்தார். துடைப்பானைக் கையில் எடுத்தார். சுவரில் கை வைக்கப் போனவர் அப்படியே நின்றார். கூடம் முழுக்க அவரையே பார்த்தது. அவர் துடைப்பானை மெல்லக் கீழே வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் குந்தி, ‘கரைக்கு வந்த மரங்கள் எத்தனை?’ என்று சாக்கட்டியால் தரையிலேயே எழுதத் தொடங்கினார்.