உள்ளங்கையில் சாக்பீஸ் தூள்

பேத்தி கல்லூரியில் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. நேற்று நான் இரும்பு பீரோவில் பாச்சை உருண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, அவள் கட்டிலில் படுத்தபடி செல்போனில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தாள். பேராசிரியர்களோடு நல்ல உறவை வளர்ப்பது எப்படி என்று யாரோ எழுதியிருக்கிறார்களாம். முன்வரிசையில் உட்கார வேண்டும், வகுப்பு முடிந்ததும் அறைக்குப் போய்ச் சந்தேகம் கேட்க வேண்டும், அவருக்குப் பிடித்த விஷயத்தில் அக்கறை காட்ட வேண்டும், சிபாரிசுக் கடிதம் கேட்கக் கூச்சப்படக் கூடாது. "நீங்க இதெல்லாம் பண்ணியிருக்கீங்களா தாத்தா?" என்றாள். ஒன்று விடாமல் பண்ணியிருக்கிறேன் என்றேன். சிரித்தாள். பீரோக் கதவைச் சாத்தும்போதுதான் பார்த்தேன், உள்ளங்கையில் உருண்டையின் தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது. வேட்டியில் துடைக்கப் போனேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் முசேயின் கோட்டுக்கும் இந்தப் பாச்சை உருண்டை வாசனைதான். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. அவர் பெயர் அந்துவான். புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், கல்லூரியில் எங்களுக்குப் பிரெஞ்சில் சரித்திரம் நடத்தினார். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்ற மாட்டார். நாங்கள் வருவதற்கு முன்பே வகுப்புக்கு வந்து, கரும்பலகையின் மேல்பக்கம் அன்றைய தேதியைப் பெரிய எழுத்தில் எழுதிவிடுவார். பிறகு சாக்பீஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, "சவா?" என்று சுகம் விசாரித்துத்தான் உள்ளே விடுவார். அது பிரெஞ்சுக்காரர்கள் வழக்கம். எங்கள் ஆறு பேருக்கும் காலை முழுக்க வலது உள்ளங்கை வெள்ளையாக இருக்கும். எதிரில் இருந்த டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டும்போதே கையைப் பார்த்து, "முசே பசங்களா" என்பார்.

ஆமாம், ஆறே பேர். பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. பிரெஞ்சுப் பிரிவு எந்த நேரமும் மூடப்படலாம் என்று பேச்சு. பக்கத்து ஆங்கிலப் பிரிவில் பெஞ்சு போதவில்லை. எங்கள் வகுப்பிலோ காலி பெஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒரு பெஞ்சு குறைந்திருக்கும், அடுத்த திங்கள் இன்னொன்று. யார் சொல்லி எடுக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. முசே அதைப் பற்றிப் பேசவே மாட்டார். மிச்சமிருந்த பெஞ்சுகளில் எங்களை நெருக்கி உட்காரவைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பிப்பார்.

என் கவலை எனக்கு. வீடு உழவர்கரையில், விவசாயக் குடும்பம். வெள்ளைக்காரன் இருக்கிறவரைக்கும் பிரெஞ்சுதான் சோறு போடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்பா என்னைப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் போட்டார். நான் மேலே படிக்கும் நேரத்தில் வெள்ளைக்காரன் போய்விட்டான். சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தால்தான் பிழைப்பு, அதற்கு இங்கிருந்து யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். பிரெஞ்சு வாத்தியார் எழுதிக் கொடுத்தால் அங்கே செல்லுமா என்று சந்தேகம். "எந்தப் பக்கம் காத்தடிக்குதோ அந்தப் பக்கம் இருக்கிற வாத்தியாரா பாத்துப் பழகு" என்றார் அப்பா. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிற கவனத்தோடு நான் பேராசிரியர் பார்க்க ஆரம்பித்தேன்.

கிடைத்தவர் சிவஞானம் சார். சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர், ஆங்கிலம் நடத்தினார். கல்லூரி அலுவலகத்தில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று பேச்சு. நான் சாயங்காலம் அவர் அறைக்கு இலக்கணச் சந்தேகம் கேட்கப் போனேன். பாதி சந்தேகம் நானே தயாரித்தது. அவர் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார், தம்பி என்று கூப்பிட்டார். ஒரு பேராசிரியர் எனக்குக் காபி ஊற்றினார் என்று உழவர்கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். என்னை நினைத்தால் இப்போது சிரிப்பும் வருகிறது, அறையலாம் போலவும் இருக்கிறது.

சந்தேகம் தீர்ந்ததும் பொதுவாகப் பேசுவார். முசே வகுப்பில் என்ன நடந்தது, சனிக்கிழமை அவர் வீட்டுக்கு யார் யார் போகிறீர்கள், அங்கே என்ன பேசுவார். வம்பு கேட்கிற மனுஷர் என்று நினைத்தேன். அவர் கேட்டதற்குப் பதில் வைத்திருப்பதுதான் அவரோடு நல்ல உறவு என்று எனக்குப் பட்டது. போகப் போக அவர் கேட்காததையும் சொன்னேன். அவர் எதையும் எழுதிக்கொள்ள மாட்டார். நான் ஒரு பெயரைச் சொன்னால் அதை மெதுவாக ஒருமுறை திருப்பிச் சொல்வார், அவ்வளவுதான். முதல் தடவை ஜமாலின் பெயரை அப்படிச் சொல்லக் கேட்டபோது காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஏன் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்று இருந்தேன் என்பதுதான் நிஜம்.

ஒருநாள் நான் உள்ளே நுழைந்ததும் என் கையைப் பார்த்து, "முசே கை குடுத்தாரா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மறுநாளிலிருந்து அவர் அறைக்குப் போகும் முன் வராந்தாவில் நின்று கையைக் கால்சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொள்வேன். அப்படி ஒரு நாள் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே முசே, கையில் குடையோடு வந்துகொண்டிருக்கிறார். என் கால்சட்டையைப் பார்த்தார், சார் அறைக் கதவைப் பார்த்தார். தலையை லேசாக அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஜமால் யார் என்று சொல்லவில்லையே. எங்கள் ஆறு பேரில் கெட்டிக்காரன் அவன்தான். அவன் வீட்டில் தலைமுறையாகத் துணி வியாபாரம். அந்தக் குடும்பத்திலேயே கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். எனக்குப் பாதிப் பாடம் புரிந்ததே அவன் சொல்லிக் கொடுத்துத்தான். நோன்பு மாசத்தில் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனால் என்னை உட்காரவைத்துக் கஞ்சி குடிக்கவைக்காமல் அவன் அம்மா விட மாட்டார். அந்தக் கஞ்சியின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. எழுதும்போது கூசுகிறது.

ஒரு சனிக்கிழமை முசே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு மனு எழுதினோம். நாங்கள் படித்து முடிக்கும்வரை பிரெஞ்சுப் பிரிவை மூட வேண்டாம் என்று கேட்கிற மனு, வேறொன்றுமில்லை. ஜமால் எழுதினான். முசே இரண்டு இடத்தில் திருத்தினார். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். எனக்கு மூன்றாவது இடம். திங்கட்கிழமை சாயங்காலம் நான் சிவஞானம் சார் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மனு எங்கே எழுதப்பட்டது, யார் எழுதியது, யார் திருத்தியது என்று எல்லாம் சொன்னேன். "யாரு, ஜமாலுதீனா" என்று திருப்பிச் சொன்னார். பிறகு என் தோளைத் தட்டி, "உன் லெட்டர் பத்திக் கவலப்படாத தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றார். அன்று நான் சைக்கிளில் வீட்டுக்குச் சந்தோஷமாகத்தான் போனேன்.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அந்த வாரத்தில் எங்கள் வகுப்பில் இன்னொரு பெஞ்சு போயிற்று. பியூன் எங்கள் வாசலில் காரணமில்லாமல் வந்து நின்றுவிட்டுப் போனான். முசே பாடத்தின் நடுவே இரண்டு முறை பேச்சை நிறுத்தி, எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு ஒரு காலையில் பியூன் ஒரு சீட்டோடு உள்ளே வந்தான். பெயர்களை வாசித்தான். ஐந்து பெயர். நான் எழுந்து நின்றுவிட்டேன், அடுத்தது நான்தான் என்று. அவன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஐந்து பேரும் அவன் பின்னால் போனார்கள். வகுப்பில் நானும் முசேயும் மட்டும் இருந்தோம். அவர் புத்தகத்தைத் திரும்ப எடுத்தார். விட்ட வரியிலிருந்து எனக்கு மட்டும் பாடம் நடத்தினார். அந்த முக்கால் மணி நேரத்தைப் போல நீளமான ஒன்றை நான் பிறகு பார்த்ததில்லை.

முசே தூண்டித்தான் மனு எழுதினோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது. இதுதான் அலுவலகத்தில் அந்த ஐந்து பேரிடமும் சொன்னது. நாலு பேர் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஜமால் மாட்டேன் என்றான். சாயங்காலம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் எனக்காகக் காத்திருந்தான். கோபப்படுவான், அடிப்பான் என்று பயந்தேன். அவன் மெதுவாகத்தான் கேட்டான்.

"ஆறு பேருதான கையெழுத்துப் போட்டோம். உன்ன மட்டும் ஏன்டா கூப்புடல?"

நான் சைக்கிள் பூட்டைத் திறக்கக் குனிந்தேன். அவன் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். மறுநாளிலிருந்து கல்லூரிக்கு வரவில்லை. பல வருஷம் கழித்து அவன் கடை வழியாகப் போனேன். துணியை மடித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தான், பிறகு அடுத்த துணியை எடுத்தான். நான் நிற்கவில்லை.

என் கடிதம் வந்தது. சார் சொன்ன சொல் தவறவில்லை. படிப்பைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நம்பி எதையும் ஒப்படைக்கலாம், நடப்பதை மறைக்காமல் தெரிவிக்கும் குணமுள்ளவன் என்று ஆங்கிலத்தில் இருந்தது. சென்னையில் அந்தக் கல்லூரி முதல்வர் அதை இரண்டு முறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஹாஸ்டல்லதான இருக்கப்போற? அப்பப்ப வந்து என்னப் பாத்துட்டுப் போ" என்றார். நான் போகவில்லை என்று எழுத ஆசைதான். இரண்டு முறை போனேன். மூன்றாம் முறை கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அதற்குள் ஹாஸ்டலில் எல்லோரும் என் அறைக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள்.

முசேயின் கடைசி நாளைச் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். மாதக் கடைசியோடு வர வேண்டாம் என்று அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அன்றும் முன்னதாகவே வந்து தேதி எழுதியிருந்தார். வாசலில் நின்றார். மற்ற நாலு பேருக்கும், தனக்கு எதிராக எழுதிக் கொடுத்த நாலு பேருக்கும், ஒவ்வொருவராகக் கை கொடுத்து "சவா?" என்றார். ஒருவன் அழுதுவிட்டான். அவன் முதுகைத் தட்டி உள்ளே அனுப்பினார். நான் கடைசி. என் முறை வந்ததும் சாக்பீஸை ஜன்னல் விளிம்பில் வைத்தார். கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, விரல் விரலாகத் தன் கையைத் துடைத்தார். பிறகுதான் என் கையைப் பிடித்தார். வகுப்பில் ஒருநாளும் தமிழ் பேசாதவர் அன்று தமிழில் சொன்னார்.

"உனக்கு ஒட்டிக்கும். வேணாம்."

என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, இனி நீ என் பையன் இல்லை என்று சொன்னாரா, அறுபது வருஷத்துக்கு மேலாக யோசிக்கிறேன். கேட்டுவிடலாம் என்று துணிந்தபோது அவர் ஊரில் இல்லை. அறுபத்திரண்டில், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, எந்த நாட்டுக்காரராக இருக்கப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள் அல்லவா, அப்போது பிரான்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினாராம். அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டாராம். சிவஞானம் சாரும் இல்லை. எங்கள் வகுப்பு இருந்த இடத்தில் இப்போது ஓட்டல். டீக்கடை இல்லை. பேத்தியின் வகுப்பில் கரும்பலகையே இல்லை, எல்லாம் திரைதான் என்கிறாள். வாசலில் நின்று மாணவனுக்குக் கை கொடுக்கிற பேராசிரியர் இந்த ஊரில் ஒருவரும் இல்லை.

அன்று நாங்கள் ஐந்து பேர் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் கையை மேஜைமேல் வைத்திருந்தோம். என் கை மட்டும் சுத்தமாக இருந்தது.