ஊசி காட்டி வளர்த்த மகள்

நான் கடம்பத்தூரில் பள்ளி ஆசிரியர். என் மகள் செல்விக்கு ஆறு வயது. அவள் சாப்பிட மறுத்தாலும் வெயிலில் ஓடினாலும், "கம்பவுண்டர கூப்ட்டு ஊசி போடச் சொல்லவா?" என்பேன். உடனே அடங்கிவிடுவாள். நல்ல முறை என்றே நினைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு, 1974 ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்க்கும்போது அவள் கெண்டைக்காலில் காய்ந்த புண் ஒன்றை என் மனைவி கண்டாள்.

"இன்னாடி இது?"

"முள்ளு கீச்சிடிச்சிம்மா."

அருகருகே நான்கு பொத்தல்கள். முள் அப்படிக் கீறாது. இரண்டு நாள் முன்புதான் எங்கள் தெருவில், வாயில் நுரை தள்ளிய நாயொன்றை அடித்துக் கொன்றிருந்தார்கள்.

"நாய் கடிச்சுதாம்மா? ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ ஊசி போடச் சொல்லுவியே, நைனா."

கடிபட்டு ஐந்து நாள் ஆகியிருந்தது. திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் தினம் ஒன்றாகத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசிகள் போட்டார்கள். ஒவ்வொரு நாளும் அவள் கைகளை அழுத்திப் பிடித்தவன் நான். அவள் ஊசியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

பிழைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் இப்போது யாரும் ஊசியைச் சொல்லி மிரட்டுவதில்லை. எனக்குச் சிறு கீறல் பட்டாலும் அவளிடம் காட்டி மருந்து போடச் சொல்கிறேன். கவனமாகப் போடுகிறாள். தன் காயத்தை மட்டும் இன்னும் காட்டுவதில்லை. வெள்ளிதோறும் எண்ணெய் தேய்க்கும்போது என் மனைவிதான் தேடிப் பார்க்கிறாள்.