ஆசையம்மாவை வாங்கப் போன அரிசி

எனக்கு ஐந்தாம் வகுப்புவரைதான் படிப்பு. அதிலும் கடைசி வருடம் பாதி நாள் தோட்டத்தில்தான் நின்றேன். ஆகையால் இதில் எழுத்துப் பிழை இருக்கும். முன்னே சொல்ல வேண்டியது பின்னே வரும். வாய்க்குள் சொல்லிக்கொண்டு இருக்கிறதை எழுதி வையுங்கள் என்று மகள் ஒரு கொப்பி வாங்கித் தந்து மூன்று மாதம் ஆகிறது. ஆட்களுக்கு முன்னால் கதைக்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். இப்போது கொப்பிக்கு முன்னாலும் கூச்சமாக இருக்கிறது. மறதியும் வந்துவிட்டது. நேற்றும் அடுப்பில் வைத்த பாலை மறந்து பொங்கவிட்டேன். ஆனால் இது மட்டும் மறக்கவில்லை. மறந்தால் நல்லது என்று நினைத்த காலமும் உண்டு.

எங்கள் வீடு மருதனார்மடச் சந்தியிலிருந்து மேற்கே கொஞ்சத் தூரம். அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குத் தோட்டம். ஆவணியில் வெங்காய வேலை முடிந்து, புகையிலைக்கு நிலம் கொத்துவதற்கு முன்னம், கொஞ்ச நாள் கைக்கு வேலை இராது. அந்த நேரம்தான் தொண்டைமானாற்று முருகன் கோயிலில் கொடியேறும். அரிசி, பருப்பு, பாய், சட்டி பானை எல்லாவற்றையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு, ஐயா, அம்மா, அக்கா, ஆசையம்மா, நான் என்று ஐந்து பேரும் போய், கடைசி நாள் தீர்த்தம் முடியும்வரை ஆற்றங்கரையில் ஒரு மடத்தில் தங்குவோம். ஒவ்வொரு வருடமும் அதே மடம், அதே மூலை.

மடம் என்பது ஓடு போட்ட நீளமான கட்டடம். உள்ளே அறை கிடையாது. தூணுக்குத் தூண் சீலை கட்டி ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஒரு வீடு பிரித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டில் ஒருவர் தும்மினால் எங்கள் சுவர் ஆடும். பின்பக்கப் படியில் இறங்கினால் ஆறு. ஆவணியில் அந்த ஆறு ஓடாது. கடலோடு சேருகிற இடத்தில் மணல் மூடி, உப்புத் தண்ணீர் அசையாமல் கிடக்கும். மாரியில் அது வேறு ஆறு என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். நாங்கள் மாரியில் அங்கே போவதில்லை. நான் கண்டது ஆவணி ஆறு மட்டும்தான்.

ஆசையம்மா என்றால் அம்மாவின் கடைசித் தங்கை. கலியாணம் முடித்து ஒரு வருடத்தில், இவவுக்குத் தலையில் சுகமில்லை என்று சொல்லிப் புருசன்காரர் கொண்டுவந்து எங்கள் வாசல் படலையடியில் விட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஆசையம்மாவில் ஒரு சுகக்கேடும் தெரியவில்லை. ஒரு பாத்திரத்தை மினுக்கத் தொடங்கினால் நிறுத்த மாட்டார், அவ்வளவுதான். பழப்புளியும் சாம்பலும் போட்டுப் பித்தளைப் பானையைத் தேய்த்துத் தேய்த்து, வெயில் சாய்ந்தாலும் தேய்த்துக்கொண்டு இருப்பார். மடத்துப் படியில் அவர் இருந்து தேய்க்கிறதைப் பார்த்துவிட்டு, பக்கத்துச் சீலைக்காரி ஒருத்தி, "இவவை விட்டால் ஆத்தையும் மினுக்கிப் போடுவா" என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆசையம்மாவும் சிரித்தார். ஆற்றை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், செய்யலாம்தான் என்கிற மாதிரி.

மற்றது, உண்மை சொல்லிவிடுவார். எனக்கு எட்டு வயது நடக்கும்போது அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். பலகாரத் தட்டை வைத்து, எல்லாம் பிள்ளை சுட்டது என்று அம்மா சொல்ல, உள்ளே இருந்து வந்த ஆசையம்மா, "பயற்றம்பணியாரம் நான் சுட்டது. அவளுக்குப் பாகு பதம் தெரியாது" என்று சொன்னார். அது முழு உண்மை. வந்தவர்கள் பலகாரத்தையும் பார்த்தார்கள், ஆசையம்மாவையும் பார்த்தார்கள். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழும்பினார்கள். அன்று பின்னேரம் ஐயா வேலியைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றார். பணியாரம் மிஞ்சிவிட்டது என்று எனக்குச் சந்தோசம்.

இங்கே இன்னொன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் விளங்காது. அக்காவுக்குப் பிறகு, எனக்கு முன்னம் அம்மாவுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அப்படியான வீட்டில் அடுத்த பிள்ளையைக் கோயிலுக்கு விற்று வாங்குவார்கள். என்னையும் சுளகில் கிடத்திக் கோயில் வாசலில் வைத்து, இது இனி உன்ரை பிள்ளை என்று முருகனுக்குச் சொல்லிவிட்டு அம்மா திரும்பிப் பாராமல் வந்தாவாம். பிறகு ஆசையம்மா ஒரு கொத்து அரிசி அளந்து கொண்டுபோய்க் கொட்டி, என்னை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தாராம். அப்போது அவருக்குக் கலியாணம் ஆகவில்லை. இதை அவர் கடைசிவரை விடவில்லை. என்னைத் தலைவாரி விடுகிற நேரமெல்லாம் சொல்லுவார்.

"கொம்மா உன்னைப் பெத்தவ. நான்தான் வாங்கினனான். ஒரு கொத்து முழு அரிசி. ஒரு குறுணல் இல்லை."

குறுணல் இல்லாத அரிசிக்கு வாங்கப்பட்ட பிள்ளை என்று எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அந்த வருடமும் ஆவணியில் போனோம். தீர்த்தம் முடிந்த மறுநாள் காலை மடம் கலைந்துகொண்டு இருந்தது. சீலைகளை அவிழ்க்க, பதினைந்து நாள் வீடாக இருந்தது வெறும் தூணாக நின்றது. ஐயா என்னைக் கூப்பிட்டு, ஆசையம்மாவோடு படியில் போய் இரு, நான் கூப்பிடும்போது சத்தம் போடாமல் வா என்று சொன்னார். அம்மா அடுப்படியில் குந்தி இருந்தா. அடுப்பு அணைந்திருந்தது, புகையில்லை. ஆனால் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தா.

ஆசையம்மா படியில் பித்தளைப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகும்போது இது கண்ணாடி மாதிரி இருக்கும் என்றார். பானையைத் திருப்பிக் காட்டினார். எங்கள் இரண்டு பேருடைய முகமும் அதில் அகலமாகத் தெரிந்தது. பிறகு ஐயாவின் கை மேலே அசைந்தது. நான் எழும்பினேன். பெரியவர்களிடம் சொல்லாமல் போகக் கூடாது என்று பழக்கியிருந்தார்கள். அதனால் சொன்னேன்.

"ஆசையம்மா, போட்டு வாறன்."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "ஓம் பிள்ளை, வா" என்றார்.

வண்டி முன்பக்கம் ஆயத்தமாக நின்றது. மாடு பூட்டியிருந்தது. நான் ஏறினவுடன் வண்டி வெளிக்கிட்டது. ஆசையம்மா வரவில்லையே என்று கேட்டேன். ஐயா முன்னால் பார்த்தபடி சொன்னார்.

"அவவை முருகனிட்டைக் குடுத்திருக்கு. உன்னைக் குடுத்த மாதிரித்தான். சுகம் வந்தோடனை வாங்கலாம்."

"எத்தினை கொத்துக்கு?"

ஐயா மாட்டைத் தட்டி விரட்டினார். பிறகு, "பெரிய ஆளெல்லே. கன கொத்து வேணும்" என்றார்.

நான் அழவில்லை. எனக்கு அது புதினமில்லை. என்னைக் கொடுத்தார்கள், வாங்கினார்கள், நான் உயிரோடு இருக்கிறேன். அம்மாவும் அக்காவும் ஏன் அழுகிறார்கள் என்றுதான் விளங்கவில்லை. பானையை விட்டுவிட்டு வந்ததற்காக இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த நாளே ஒரு பழைய பிஸ்கற் டின்னைக் கழுவிக் காயவைத்தேன். அம்மா உலைக்கு அரிசி கழுவ என்னிடம் தரும்போது, ஒவ்வொரு நாளும் ஒரு பிடி எடுத்து டின்னில் போட்டேன். என் பிடி சின்னப் பிடி. குறுணலைப் பொறுக்கி வெளியே எறிந்துவிடுவேன், ஆசையம்மா பிறகு சொல்லிக்காட்டக் கூடாது என்று. ஒரு தரம் வண்டு விழுந்து, எல்லாவற்றையும் பாயில் பரப்பி வெயிலில் காயவிட்டபோது அம்மா கண்டுவிட்டா. இது என்னத்துக்கு என்று கேட்டா. சொன்னேன். அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டா. அடிக்கப் போகிறா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அடிக்கவில்லை. அன்று முதல் எனக்கு முன்னால் அம்மாவும் ஒரு பிடி போட்டா. அது பெரிய பிடி.

தை மாதம் அக்காவுக்குக் கலியாணம் நடந்தது. இந்த முறை பலகாரம் யார் சுட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆசையம்மா எங்கே என்று கேட்டவர்களுக்கு, கோயிலில் நிற்கிறா என்று ஐயா சொன்னார். கேட்டவர்கள் நல்லது என்று தலையாட்டினார்கள். நடுவில் ஒருக்காலாவது போய்ப் பார்ப்போம் என்று அம்மா கேட்டது எனக்குத் தெரியும். இப்போது போனால் பின்னாலே வந்துவிடுவா, மடத்தில் சோறு உண்டு, பசியாது என்றார் ஐயா. பிறகு புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கிற காலம் வந்தது. அது முடிய வேறு வேலை வந்தது.

மறு ஆவணி வந்தபோது டின் இரண்டு தரம் நிரம்பி, அரிசி ஒரு சின்னச் சாக்கில் முக்கால் பங்கு ஆகியிருந்தது. வண்டியில் அந்தச் சாக்கின் மேல்தான் நான் இருந்து போனேன். மடத்துக்கு முன்னால் வண்டி நிற்க, மடத்தைப் பார்க்கிற பெரியவர் வெளியே வந்தார். எங்களைக் கண்டதும் நின்றுவிட்டார். ஐயாவைத் தனியே கூட்டிக்கொண்டு போய்க் கதைத்தார். "மாரித் தண்ணி வந்த நேரம்" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. ஐயா தோளில் கிடந்த சால்வையை எடுத்து வாயைப் பொத்தினார். பிறகு பெரியவர் உள்ளே போய் எங்கள் பித்தளைப் பானையைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினார்.

"இதை வைச்சுக்கொண்டுதான் இருந்தவ. ஒருத்தரையும் தொட விடேல்லை. ஆக்கள் வருவினம், குடுக்க வேணும் எண்டவ."

பானை அப்படி மினுங்கியது. விளிம்பு தேய்ந்து கூராக இருந்தது. அம்மா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் வாயைத் திறந்து திறந்து மூடினா. நான் உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தேன். எங்கள் மூலையில் வேறு ஆட்கள் சீலை கட்டியிருந்தார்கள். படியில் ஒருவரும் இல்லை. திரும்பி வந்து அம்மாவிடம், அரிசியைக் கொடுத்தால்தான் ஆசையம்மாவைத் தருவார்கள், முதலில் அரிசியைக் கொடுப்போம் என்று சொன்னேன்.

அம்மா என்னைப் பார்த்தா. பிறகு சாக்கை அவிழ்த்து, அரிசி முழுவதையும் அந்தப் பானையில் கொட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு பின்படியால் இறங்கினா. முழங்கால் தண்ணீரில் நின்று, ஒரு பிடி அரிசி எடுத்து ஆற்றில் விட்டா. மூன்று தரம் விட்டா. என்னையும் அப்படி விடச் சொன்னா. கோயிலுக்குக் கொடுக்காமல் ஆற்றுக்கு ஏன் கொடுக்கிறோம் என்று எனக்குள் ஒரு யோசனை இருந்தது. என்றாலும் மூன்று தரம் விட்டேன். அரிசி வெள்ளையாகக் கொஞ்சம் மிதந்து, பிறகு கீழே போனது. மிச்சத்தை அம்மா பானையோடு கவிழ்த்துவிட்டா.

"காணுமோ அம்மா?"

"காணும் பிள்ளை."

காணும், போதும் என்று அம்மா சொன்னதால் நான் படியிலேயே இருந்தேன். பின்னேரம்வரை இருந்தேன். கோயில் பக்கத்தால் ஒவ்வொரு பெண்ணும் வரும்போது எழும்பினேன். அந்த வருடம் நாங்கள் தீர்த்தம்வரை நிற்கவில்லை. அன்று பொழுது சாயமுன் வண்டி திரும்பியது. அரிசியை வாங்கிக்கொண்டு ஆளைத் தராமல் விட்டது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. வழியெல்லாம் கணக்குப் பார்த்தேன். என் பிடி சின்னது, அதனால்தான் கொத்து குறைந்துவிட்டது என்று முடிவுக்கு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் டின்னைத் திரும்பவும் கழுவி வைத்தேன். மூன்று வருடம் சேர்த்தேன். அம்மா அதன்பிறகு அதில் ஒரு பிடியும் போடவில்லை.

பெரியவளான பிறகு ஒருக்கால் அம்மாவைக் கேட்டேன். விடு பிள்ளை என்றா. ஐயாவை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அம்மா செத்த அன்று முற்றத்தில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வாய்க்கரிசி போட்டார்கள். என் முறை வந்தது. அரிசியை எடுத்து மூன்று தரம் போட்டேன். இதை முன்னமே செய்திருக்கிறேன் என்று என் கைக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஒன்பது வயதில், முழங்கால் தண்ணீரில் நின்று நான் கொடுத்தது விலை இல்லை.

சண்டைக் காலத்தில் அந்தப் பக்கம் போக முடியவில்லை. பிறகு மகளோடு பஸ்ஸில் போனேன். மடம் இருந்த இடத்தில் ஒரு சுவரும், ஆற்றுக்கு இறங்குகிற நாலு படியும்தான் இருந்தன.

நான் எழுதியதில் பிழை இருக்கலாம். மடத்துக்கு எத்தனை தூண், தண்ணீர் வந்தது கார்த்திகையா மார்கழியா, ஒன்றும் எனக்கு நிச்சயமில்லை. அந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் யாராவது இதை வாசித்தால், பித்தளைப் பானை ஒன்றை மினுக்கிக்கொண்டு அங்கே இருந்த பெண்ணைப் பற்றித் தங்கள் வீட்டில் ஏதும் கதைத்தார்களா என்று தயவுசெய்து விசாரித்துச் சொல்லுங்கள். மற்றவை பிழையென்றால் போகட்டும், அந்த நாள் மட்டும் சரியாகத் தெரிய வேண்டும். ஐயாவுக்கும் அம்மாவுக்கும் வருடா வருடம் திவசம் செய்கிறோம். ஆசையம்மாவுக்குச் செய்யத் திதி தெரியாது.