ஒரே மடிப்பு

அம்மாவின் இஸ்திரி மேசை அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல் கேட்டை ஒட்டி, சைக்கிள் நிறுத்தும் தகரக் கூரையின் கீழே இருந்தது. பண்டிகை நாள் தெரிந்துகொள்ள அவளுக்குக் காலண்டர் தேவைப்பட்டதில்லை. மூட்டையைப் பிரித்தால் போதும். அலுவலகச் சட்டைகளுக்கு நடுவே வேட்டிகள் தலைகாட்டினால் ஏகாதசி வருகிறது. குழந்தைகளின் சின்னஞ்சிறு பட்டுப் பாவாடைகள் வந்தால் கிருஷ்ண ஜெயந்தி. வீட்டுக்கு வீடு பட்டுப்புடவைகள் இறங்கி வந்து குவிந்தால் நவராத்திரி. ஊர் பண்டிகை கொண்டாடும் நாளில், மிச்சம் கிடக்கும் துணியைக் காலையில் முடித்துவிட்டு நாங்கள் தூங்குவோம். முந்தின நாள் முழுக்க நின்ற கால்களுக்கு வேறு பூஜை தெரியாது.

பட்டு என்று வந்துவிட்டால் அம்மா பேசமாட்டாள். புடவையைத் திருப்பிப் போட்டு, மேலே ஈரமில்லாத பருத்தித் துணி விரித்து, பெட்டியின் சூட்டைத் தன் கன்னத்தருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் வைப்பாள். தேய்த்தபின் பழைய மடிப்பில் மடிக்கவே மாட்டாள். ஒரு விரல் தள்ளி, அடுத்த முறை இன்னொரு விரல் தள்ளி மடிப்பாள். "ஒரே இடத்துல மடிச்சா பட்டுக்கு அந்த இடத்துல உயிர் போயிடும்" என்பாள். என் படிப்புக்கு இடையில் நான் கற்றுக்கொண்ட ஒரே தொழில் ரகசியம் அது.

குடியிருப்பின் சங்கத்துக்குச் செயலாளர் ஒருவர் இருந்தார். அவர் கையெழுத்துப் போடுவார். ஆட்சி அவர் மனைவியுடையது. எல்லோருக்கும் அவர் செக்ரட்டரியம்மா. அவரிடம் வெங்காயத்தோல் நிறத்தில், அகலச் சரிகைக் கரையோடு ஒரு பட்டுப்புடவை இருந்தது. மகனுக்கு வெளிநாட்டு வேலை கிடைத்த அன்று அவர் உடுத்தியிருந்தது அதுதான். அதிலிருந்து அது ராசிப்புடவை ஆகிவிட்டது. எந்த விசேஷ நாள் வந்தாலும் அதற்கு முன் எங்கள் மேசைக்கு வரும்.

நான் பட்டப்படிப்பை முடித்து, நேர்காணல் அழைப்புகளுக்குக் காத்துக்கொண்டு, அம்மாவுக்குத் துணி பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த வருடம் அது. தீபாவளிக்கு முந்தின நாள் மாலை செக்ரட்டரியம்மா கீழே இறங்கி வந்தார்.

"எங்க என் புடவை?"

"போன வாரமே குடுத்துட்டேனேம்மா. உங்க கையிலதான் குடுத்தேன்."

"என் கையில குடுத்திருந்தா நான் ஏன் இங்க வந்து நிக்கிறேன்?"

சத்தம் கேட்டு மாடிகளிலிருந்து ஆட்கள் இறங்கினார்கள். செக்ரட்டரியம்மா வாட்ச்மேனிடம் கேட்டைச் சாத்தச் சொன்னார். மூட்டைகளைப் பிரிக்கச் சொன்னார். அம்மா ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மற்றவர்களின் தாவணி, உள்பாவாடை, பனியன் எல்லாம் சிமெண்டுத் தரையில் கிடந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் கூச்சத்தோடு அம்மாவைத்தான் முறைத்தார்கள். எங்கள் சாப்பாட்டுப் பையும் கவிழ்க்கப்பட்டது.

"முந்தானையை உதறிக் காட்டு."

"செக்ரட்டரியம்மா, இது உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றேன்.

"நீ படிச்ச பொண்ணு. நீயாவது உங்கம்மாகிட்ட சொல்லு, இருந்தா குடுத்திடச் சொல்லி."

அம்மா முந்தானையை எடுத்து உதறினாள். பிறகு யாரும் கேட்காமலே ஒரு சுற்றுச் சுற்றி நின்று காட்டினாள். அந்தச் சுற்றை நான் இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் காலை செக்ரட்டரியம்மா அதே வெங்காயத்தோல் புடவையில் வந்தார். கையில் இனிப்புப் பொட்டலம்.

"பீரோ மேல்தட்டுலயே இருந்திருக்கு பாரேன். இந்த மறதி என்னைப் படுத்துற பாடு" என்று சிரித்தார்.

அம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "நேத்து நின்னவங்க எல்லாரையும் கூப்பிட்டு இதை ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. எனக்கு அது போதும்."

"நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேச்சு எதுக்கு? விடு."

அவர் போனதும் அம்மா பொட்டலத்தை வாட்ச்மேன் அண்ணனிடம் கொடுத்தாள். "நீங்க வேணாம்னா எனக்கும் வேணாம் அக்கா" என்றார் அவர். கொஞ்ச நேரம் பொட்டலத்தைப் பார்த்தார். "ஆனா இனிப்பு என்ன பாவம் பண்ணிச்சு" என்று தின்ன ஆரம்பித்தார்.

கார்த்திகைத் தீபத்துக்குப் புடவை வந்தது. அம்மா மறுபடி கேட்டாள். "நாளைக்கு விளக்கேத்துற வீடு, இப்பப் போய் அழுகைப் பேச்சா?" என்றார் செக்ரட்டரியம்மா. வைகுண்ட ஏகாதசிக்கு வந்தபோதும் கேட்டாள். விரத நாளில் வாயைத் திறக்கவே அவருக்கு இஷ்டமில்லையாம். அதன்பின் அம்மா கேட்பதை விட்டுவிட்டாள். அவளுக்கு ஆறிவிட்டது என்று நினைத்தேன்.

சிவராத்திரிக்கு முன்தினம்தான் கவனித்தேன். வெங்காயத்தோல் புடவையை அம்மா பழைய மடிப்பிலேயே மடித்தாள். மடிப்பின் மேல் தண்ணீர் தெளித்தாள். பருத்தித் துணி விரிக்காமல், கரி கனன்ற பெட்டியை மடிப்பின் விளிம்பில் வைத்து, தோளோடு சாய்ந்து அழுத்தினாள். ஆவி எழுந்தது. பெட்டியை எடுத்துவிட்டு, விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழ்வரை ஒரு கீறு கீறினாள்.

"அம்மா, மடிப்பு தள்ளலையே?"

"தள்ளல."

"எப்பலேருந்து?"

"தீபத்துலேருந்து."

"கிழிஞ்சிடும்மா."

"கிழியட்டும்னுதான். அவ உடம்புல கிழியணும். நாலு பேர் நடுவுல கிழியணும். நீ அந்தச் சட்டையை எடு."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டே சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அப்பா, "உங்கம்மா கோவத்துல தேய்ச்சா கரிச்செலவு மிச்சம்" என்றார். எங்கள் குடும்பத்தில் அந்தத் திட்டத்துக்குக் கிடைத்த ஒப்புதல் அதுதான்.

நான் தடுத்திருக்கலாம். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். நியாயம் பேசத் தெரிந்தவள் என்று அப்பாவே சொல்வார். ஆனால் அது தப்பு என்று சொல்ல எனக்குத் தெரிந்த சொற்கள் எல்லாம் பாடப்புத்தகத்துச் சொற்களாக இருந்தன. தரையில் கிடந்த மூட்டைகளுக்கு நடுவே அம்மா சுற்றி நின்றதற்கு எதிரில் அவற்றை வைத்துப் பார்த்தேன். அவை நிற்கவில்லை. அதைவிட உண்மையான காரணம், எனக்கும் கிழியவேண்டும் என்றிருந்தது.

ராமநவமிக்கு வந்தது. வரலட்சுமி விரதத்துக்கு வந்தது. கிருஷ்ண ஜெயந்தி, விநாயகர் சதுர்த்தி என்று நல்ல நாட்கள் நெருங்க நெருங்க புடவை அடிக்கடி வந்தது. தெய்வங்களெல்லாம் வரிசையாக அம்மாவுக்கு உதவுவது போலிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்பு நெடுக நூல்கள் விலகி, ஒரு வெளுத்த கோடு தெரியத் தொடங்கியது. அம்மா அதை ஒவ்வொரு முறையும் பிடித்துப் பார்ப்பாள். தேர்வு முடிவைப் பார்க்கும் முகம் அது. பிறகு கச்சிதமாக, யாரும் குறை சொல்ல முடியாதபடி, மேலே அழகாக மடித்துக் கொடுத்தனுப்புவாள். "உன் கை பட்டாத்தான்டி புடவை புடவையா இருக்கு" என்று செக்ரட்டரியம்மா பாராட்டினார்.

சரஸ்வதி பூஜையன்று குடியிருப்பின் பொதுக்கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். மேசைவிரிப்பைத் தேய்த்துக் கொண்டுவந்த அம்மாவும் நானும் கதவோரம் நின்றோம். செக்ரட்டரியம்மா முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். தீபாராதனைக்கு எழுந்தார். பட்டு கிழியும் சத்தம் பெரிதாக இருக்காது. வெண்டைக்காயை ஒடிப்பதுபோல் இருக்கும். பிறகு அது நிற்காமல் ஓடியது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை கோடு போட்டுக் கிழித்ததுபோல் பிளந்து, உள்ளே பச்சைப் பாவாடை தெரிந்தது. ஒரு குழந்தை முதலில் சிரித்தது. யாரோ துண்டை எடுத்துப் போர்த்தினார்கள். அவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆளிருக்க, ஒரு சுற்றுச் சுற்றி நின்றார்.

அம்மா என் கையைப் பிடித்தாள். பிடி வலித்தது. நான் இழுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு மூன்று நாட்கள் அம்மா இளமையாக இருந்தாள். குழம்பைக்கூட ருசித்துச் சாப்பிட்டாள். பிறகு செக்ரட்டரியம்மா கேட்டருகே வந்தார், முகமெல்லாம் வெளிச்சமாக. சாயங்காலக் காற்றுக்கு இறங்கிய பெண்கள் பலர் அங்கே நின்றிருந்தார்கள்.

"புடவைக் கடையில போய் உக்காந்துட்டேன். உங்க பட்டால என் மானமே போச்சு, பதில் சொல்லாம நகரமாட்டேன்னேன். தீபாவளிக் கூட்டம் வேற, முதலாளி நடுங்கிட்டாரு. அந்தப் புடவையை நெய்ஞ்ச ஆளையே வரவச்சு, எல்லார் முன்னாடியும் வாங்கு வாங்குன்னு வாங்கினாரு. அந்தாளு, 'நான் நெய்ஞ்சது இப்படிக் கிழியாதுங்க'ன்னு அழுவுறான். கடைசியில புதுசே குடுத்து அனுப்பிச்சாங்க. இதைவிடக் கரை பெருசு."

பையிலிருந்து கிழிந்த வெங்காயத்தோல் புடவையை எடுத்து மேசை மேல் போட்டார். "இந்தா, நீ வச்சுக்கோ. பொண்ணுக்குப் பாவாடை தைக்கலாம்."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். ஒரு வருடம் உழைத்து அவருக்குப் புதுப்புடவை வாங்கிக் கொடுத்திருக்கிறாள் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். அந்தக் குடியிருப்பை விட்டால் எங்களுக்கு வேறு துணி இல்லை.

"நெய்ஞ்ச ஆளு மேல தப்பு இல்லைங்க. அதைக் கிழிச்சது நான்."

"நீயா? நீ எங்க கிழிச்சே? என் உடம்புல இல்ல கிழிஞ்சுது?"

"ஒரே மடிப்புல வச்சு வச்சு அழுத்தினேன். ஒரு வருஷமா. அது எங்க கிழியும்னு எனக்குத் தெரியும். எந்த நாள்ல கிழியும்ங்கிறதுதான் தெரியாது."

செக்ரட்டரியம்மா கிழிந்த புடவையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பக்கத்திலிருந்த பெண்தான் கேட்டாள். "ஏன்க்கா இப்படிப் பண்ணினீங்க?"

"போன தீபாவளிக்கு இதே இடத்துல என் முந்தானையை உதறச் சொன்னாங்களே, அதுக்கு. புடவை அவங்க பீரோவுலயே இருந்துச்சு."

"பீரோவுலயா?" என்றாள் அந்தப் பெண். அவள் திரும்பி அடுத்தவளைப் பார்த்தாள். "நாம இன்னிக்கு வரைக்கும் இவங்க பயந்து திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு இல்ல நெனச்சோம்?"

அதுதான் எங்களுக்கே தெரியாமலிருந்தது. ஒரு வருடம் அவர்கள் அம்மாவை அப்படி நினைத்துக்கொண்டே துணி போட்டிருக்கிறார்கள்.

"சொல்லுங்கம்மா" என்றாள் அம்மா. "எங்க இருந்துச்சு?"

"அது... அப்ப நல்ல நாளா இருந்துச்சு..."

"இன்னிக்கு ஒரு விசேஷமும் இல்ல. நான் பார்த்துட்டேன். சொல்லுங்க."

செக்ரட்டரியம்மா தரையைப் பார்த்து, "பீரோவுலதான்" என்றார். வாட்ச்மேன் அண்ணன் யாரும் சொல்லாமலே கேட்டை அகலத் திறந்தார். அம்மா சிரிக்கவில்லை. பெட்டியை எடுத்து, பாதியில் விட்ட சட்டையின் கைக்குத் திரும்பினாள்.

மறுநாளே மேசையை எடுக்கச் சொல்லிச் செயலாளரின் கையெழுத்தோடு அறிவிப்பு வந்தது. இப்போது எதிர்ச்சந்தில், பூட்டிக் கிடக்கும் கடையொன்றின் முன்னால் தேய்க்கிறோம். பாதி வீடுகள் துணி அனுப்புகின்றன. மீதிப் பாதியினர் பட்டை நினைத்துப் பயப்படுகிறார்கள். அவர்களை நான் குறைசொல்லமாட்டேன்.

அந்த வாரமே அம்மா புடவைக் கடைக்குப் போய் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நெசவாளியைக் கூப்பிட்டுச் சொல்லுவதாக அவர் ஒப்புக்கொண்டார். சொன்னாரா என்று தெரியாது. எனக்கு அதுதான் உறுத்துகிறது. அம்மாவைக் கேட்டேன், "மனசு ஆறிச்சா?" என்று.

"அவ விஷயத்துல ஆறிச்சு" என்றாள்.

கிழிந்த புடவையில் பாவாடை தைக்கவில்லை. அம்மா அதை நான்காக மடித்து, மேசையின் போர்வைக்குக் கீழே மெத்தையாகப் போட்டிருக்கிறாள். சரிகைக் கரை மட்டும் சாலைப் பக்கம் கொஞ்சம் தொங்கும்படி விட்டிருக்கிறாள். தீபாவளியன்று செக்ரட்டரியம்மா புதுப்புடவையில், கடை மடிப்பு கலையாமல், அந்த வழியாகப் போனார். கரையைப் பார்த்தார். அம்மா பெட்டியை ஓங்கி வைத்து அழுத்தினாள்.